சாரத்தில் தைத்த தொப்பிச் சட்டை

போன வருடம், மே மாதத்து ஒரு காலை. வெளியே பதினொரு பாகைக் குளிர். என் மகள் ஆரணி போகும் பார்னஹாகேயின் வாசலில், ஜாக்கெட்டும் கம்பளிக் காலுறையும் போட்ட சின்னப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு ஆசிரியை முழங்காலில் நின்றபடி ஒவ்வொரு பிள்ளையின் முகத்திலும் வெள்ளைக் களிம்பு பூசுகிறார். மூக்கில் ஒரு பொட்டு, கன்னங்களில் இரண்டு பொட்டு, பிறகு இரண்டு கையாலும் ஒரு தேய்ப்பு. பார்னஹாகே என்பது நோர்வேயில் பாலர் பள்ளி. அந்தக் களிம்புக்குச் சூல்க்ரேம் என்று பெயர், வெயிலில் தோல் எரியாமல் இருக்கப் பூசுவது. நான் கைகள் இரண்டையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு, இதில் எங்கே இருக்கிறது வெயில் என்று அண்ணாந்து பார்த்தேன்.

எங்கள் முறை வந்தது. ஆசிரியை ஒரு தாளை நீட்டி, "உங்கள் மகளுக்கும் பூசலாம் என்று கையெழுத்துப் போடுங்கள்" என்றார். "தேவையில்லை, நாங்கள் வெயில் நாட்டுக்காரர்" என்றேன் நான், கொஞ்சம் பெருமையாகவே. அவர் சிரித்துக்கொண்டு, "இவள் எங்கே பிறந்தாள்?" என்று கேட்டார். இங்கேதான், மேட்டில் இருக்கிற ஆசுப்பத்திரியில் என்றேன். "அப்படியென்றால் இவள் மழை நாட்டுக்காரி அல்லவா?" என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். கையெழுத்துப் போடாமல் வேலைக்குப் போய்விட்டேன்.

பிள்ளைகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கும், என்னைப் போல வெளிநாடு வந்தவர்களின் பிள்ளைகளுக்கும். நான் பள்ளியில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். பன்னிரண்டு வருடமாக மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. படித்தவர்கள் எழுதுகிற மாதிரி எனக்கு வராது. ஆனால் நான் விட்ட பிழையை நான்தானே சரியாகச் சொல்ல முடியும்.

அந்தப் பிழை அடுத்த மாதமே நடந்தது. ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பட்டினத்தில் அபூர்வமாக வானம் வெளித்திருந்தது. இங்கே அப்படி ஒரு நாள் வந்தால் சனம் வீட்டில் நிற்காது. கடற்கரைப் பாறைகளில் போய், சட்டையைக் கழற்றிவிட்டு, வெயில் காய்வார்கள். நானும் அவர்களைப் பார்த்துப் பழகியவன். ஆரணிக்கு அப்போது ஒன்றேகால் வயது. அவளை உள்ளாடையோடு பாறைக் குழித் தண்ணீரில் விளையாட விட்டேன். குளிர்ந்த காற்று வீசியபடியே இருந்தது, சூடே தெரியவில்லை. நாலு மணித்தியாலம் இருந்தோம். வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றும்போது தோளில் கை பட்டதும் பிள்ளை வீரிட்டாள். எங்கள் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போல் கொதித்தது. மூன்றாம் நாள் இரண்டு தோளும் உரிந்தன. வட்டமான ஒரு துண்டுத் தோல் தலையணையில் ஒட்டிக் கிடந்ததை என் மனைவி ஜெனிட்டா எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெனிட்டா எங்கள் ஊர்ப் பக்கத்து மாங்கேணியில் பிறந்தவள், கடலோடு வளர்ந்தவள். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். கோடையில் அங்கே எல்லாரும் விடுமுறையில் போக, இவளுக்கு விடுப்பே கிடைக்காது. இந்த வருடம் நான் ஆரணியைத் தனியாக ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய், பிறந்ததிலிருந்து அவளைத் தொலைபேசியில் மட்டுமே பார்த்த என் தங்கை வதனியிடம் காட்டிவர ஜெனிட்டாவிடம் கேட்டேன். இரண்டு கிழமை யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். "ஆனா ஒண்டு. இன்னொருக்கா பிள்ளையிட தோல் உரிஞ்சா, நான் இல்லாம நீங்க தனியக் கூட்டிக்கொண்டு போறது அதோட முடிஞ்சுது" என்றாள். நான் ஓம் என்றேன். வெயில் பூச்சு, பிள்ளைகளுக்கென்றே செய்த பெரிய போத்தல் ஒன்றை அவளே வாங்கித் தந்தாள். அதை நான் கவனமாகக் கைப்பையில் வைத்தேன். அவ்வளவு பெரிய போத்தல் கைப்பையில் போகாது என்று விமான நிலையத்தில் எடுத்துக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டார்கள். பெட்டிக்குள் வைத்திருந்தால் போயிருக்கும். கவனத்திலும் ஒரு கவனம் வேண்டியிருக்கிறது.

வதனியின் வீடு களுவாஞ்சிக்குடியில், வாவிப் பக்கமாக. நாங்கள் போய் இறங்கியபோது ஜூலை முடிகிறது. கச்சான் காற்று, அதுதான் தரைப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்று, பாண் சுடும் போறணை அடுப்பின் வாயைத் திறந்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் காலை நான் என்ன செய்தேன் தெரியுமா? கதிரையை இழுத்து முற்றத்தில் வெயில் விழுகிற இடத்தில் போட்டு, சட்டையைக் கழற்றி, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நினைத்துச் செய்யவில்லை. பன்னிரண்டு வருடமாக வெயிலைக் கண்டால் அதற்குள் போய் இருந்து பழகிய உடம்பு, தானாகப் போனது. வேலியோரம் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று, "தம்பிக்கு என்ன, காய்ச்சலா?" என்று கேட்டார். இல்லை, சும்மா இருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "பிள்ள வதனி, உண்ட அண்ணனுக்குக் குளிர் நடுங்குதாம் போல, மல்லி அவிச்சுக் குடுகா" என்று சொல்லிவிட்டுப் போனார். வதனி சிரித்த சிரிப்புக்கு ஆரணி பயந்துபோய் என் காலைக் கட்டிப் பிடித்தாள்.

ஆரணி போட்டிருந்தது கையில்லாத மெல்லிய கவுன். வெயில் நாட்டுக்குப் போகிறோம் என்று அப்படியான கவுன்களாகப் பார்த்து நான்தான் பெட்டி நிறைய அடுக்கினேன். தொப்பியும் ஒன்று வாங்கியிருந்தேன். அதைப் போட்ட அரை நிமிடத்தில் அவள் எடுத்து எறிந்துவிடுவாள். குடை பிடித்தால் கச்சான் காற்று அதைப் பூவரசம்பூ மாதிரி மேல்நோக்கி விரித்துவிட்டது. இந்த நிலையில் வதனி சொன்னாள்: "புதன்கிழம எங்கட வெள்ளாமை வெட்டு. எல்லாரும் வட்டைக்குப் போறம். பிள்ளையும் வரவேணும். அங்கதான் சமைச்சுத் தின்னுறது." அவர்களுக்கு வெல்லாவெளிப் பக்கத்து வட்டையில் மூன்று ஏக்கர் வயல். வட்டை என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல், நடுவில் நிழல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வதனி ஆசையாகக் கேட்கிறாள், இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. ஜெனிட்டாவின் முகமும் கண்ணில் நிற்கிறது.

பூச்சு வாங்கலாம் என்று பட்டினத்து மருந்துக் கடைக்கு வதனி, ஆரணி, நான் மூவருமாகப் போனோம். பிள்ளைக்கு வெயிலுக்குப் பூசுகிற கிறீம் வேண்டும் என்றேன். கடையில் விற்பனைக்கு நின்ற பெண் நல்ல பிள்ளை, அக்கறையாக மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். "இதுதான் அண்ணன் நல்லா ஓடுது. வெயிலுக்கும் காவல், ரெண்டு கிழமையில வெள்ளையாக்கியும் போடும்." நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றுமே பெரியவர்கள் நிறம் வெளுக்கப் பூசுகிறவை. சின்னப் பிள்ளைக்குப் பூசலாமா என்று கேட்டேன். "வெளிநாட்டில இருந்து வாறாக்கள் கூடக் கேட்டு வாங்குறாங்க" என்றாள். நான் கேட்டது ஒன்று, அவள் சொன்னது வேறொன்று. வேண்டாம் என்று வைத்துவிட்டுத் திரும்பினால் வதனி பக்கத்தில் இல்லை. ஆரணியைத் தூக்கிக்கொண்டு வீதியில் இறங்கி நடந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பிள்ளையை இறக்கி விட்டதும் தொடங்கினாள். "ஏன் அண்ணன், எங்கட நிறம் வந்துரும் எண்டு பயமா ஒங்களுக்கு? கறுத்தா என்ன? நான் கறுப்பில்லையா, நீங்க கறுப்பில்லையா? வந்து நாலு நாளா பிள்ளைய வெயிலுக்க விடாதே, வெயிலுக்க விடாதே எண்டு பொத்திப் பொத்தி வச்சிரிக்கிங்க. நான் கறிக்கு உப்புப் போட்டுத் தின்னுறவள்தான், விளங்காதா எனக்கு?" நான் விளக்கப் பார்த்தேன். எரிவது, உரிவது என்று ஏதோ சொன்னேன். "வெயில் பட்டு உரியிற பிள்ள எங்க இரிக்கி? நல்லெண்ண வச்சாச் சரி" என்றாள், சுவரைப் பார்த்து. அவளில் பிழை இல்லை. ஒரு வருடத்துக்கு முன் நானும் வேறு மொழியில் அதையேதான் ஆசிரியையிடம் சொன்னேன்.

கடைசியில் தொலைபேசியை எடுத்து, போன வருட ஜூனில் டாக்டரிடம் காட்டுவதற்காக ஜெனிட்டா பிடித்த படத்தைக் காட்டினேன். ஆரணியின் இரண்டு தோள்கள். வதனி வாங்கிப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "இது எண்ட மருமகளா?" என்றாள். "நான் பக்கத்திலதான் இருந்தன் வதனி. எனக்குத் தெரியாமப் போயிற்று" என்றேன். அவள் படத்தை விட்டுக் கண்ணெடுக்காமல், "இதை முதலே சொல்லிரிக்கலாம்தானே, கிறீமு கிறீமு எண்டு கடையெல்லாம் அலையாம" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள், பெட்டியோடு ஆரணியின் கவுன்களை முழுவதும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வதனி பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். துணியைப் பற்றி அவளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாசலில் நின்று கவுன்களை ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்தாள். வெளிச்சம் அப்படியே இந்தப் பக்கம் வந்தது. அவளுடைய கணவர் சிவராசா, நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், வாவியில் வலை போடுகிறவர், விறாந்தையில் இருந்து பார்த்துவிட்டு, "மச்சான், நோர்வேயில றால் வலையத்தான் பிள்ளைகளுக்கு உடுப்பெண்டு விக்கிறானா?" என்றார். வதனி படுக்கை விரிப்பை எடுத்துப் பிடித்தாள், கொஞ்சம் குறைந்தது. தன் பழைய சேலையைப் பிடித்தாள், அதுவும் சரிவரவில்லை. பிறகு கொடியில் கிடந்த ஒரு புதுச் சாரத்தை இழுத்து விரித்தாள். ஆம்பிளைகள் இடுப்பில் கட்டுகிற கைத்தறிச் சாரம், கருநீலத்தில் கட்டம் போட்டது. வாசல் இருண்டுபோனது. "இதுக்குள்ளால சூரியன் வராது" என்றாள்.

"அது எண்ட சாரம்!" என்று மச்சான் எழும்பிவிட்டார். "ஒருநாள்தான் கட்டின!"

"ரெண்டாம் நாள் மருமகள் கட்டட்டும். ஒங்களுக்கு ஏலாட்டி வலையக் கட்டிக்கொண்டு திரியுங்க."

"இஞ்ச பாரு மச்சான், உண்ட தங்கச்சிட வாய."

அப்போதுதான் எனக்கும் ஒன்று தெளிந்தது. அந்தக் கிழமை முழுவதும் நான் கண்ட, வெயிலில் வேலை செய்கிற ஆட்கள் எல்லாரும் உடுப்பைக் கூட்டிப் போட்டவர்களாகவே இருந்தார்கள். தோணியில் போகிறவர் கைநீளச் சட்டை. வயலுக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, தலையைச் சுற்றித் துவாய். வெயிலைக் கண்டதும் கழற்றியது நான் ஒருவன்தான். அதைச் சின்ன வயதிலிருந்து நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் நோர்வேப் பாறையில் கழற்றிப் பழகியபின் அது மறந்தே போயிருந்தது.

தொப்பிக்கு மட்டும் வழி தெரியவில்லை. நாடா வைத்துக் கட்டினாலும் பிள்ளை இழுத்து எறிவாள் என்று வதனி சலித்துக்கொண்டாள். நான் நோர்வேயில் ஆரணி தினமும் போடுகிற மழை உடுப்பின் படத்தைக் காட்டினேன். தொப்பி சட்டையின் கழுத்தோடு சேர்த்தே தைத்திருக்கும், கழற்றி எறிய முடியாது. வதனி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மழைக்குக் கண்டுபிடிச்சத வெயிலுக்குப் போட்டா என்ன?" என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தாள். பின்னேரம் மூன்று மணிக்கு மெசினில் இருந்தவள் விளக்கு வைக்கமுதல் முடித்துவிட்டாள். காற்றுப் போய்வரத் தொளதொளவென்ற சட்டை, மணிக்கட்டு வரை கை, கழுத்தோடு சேர்ந்த தொப்பி, அதன் முன்பக்கம் முகத்துக்கு நிழல் விழ ஒரு சாண் நீட்டம். போட்டதும் ஆரணி தொப்பியை இழுத்தாள், அது பின்னால் விழுந்ததே தவிர வரவில்லை. மறுபடி போட்டுவிட்டோம். நாலைந்து முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தோற்றுப்போனதை ஒத்துக்கொண்ட முகத்தோடு இருந்துவிட்டாள். மச்சான், "சாரம் கட்டின நோர்வேக்காரி" என்று பெயரும் வைத்துவிட்டார்.

புதன்கிழமை விடியவே புறப்பட்டோம். வாவியைக் கடக்கிற மிதவைப் படகை எங்கள் ஆட்கள் பாதை என்பார்கள், அதில் மோட்டார் சைக்கிள்களோடு நின்று அக்கரை போனோம். எங்கள் ஊரில் கரைகளுக்குச் சூரியனை வைத்துத்தான் பெயர். கடல் பக்கம் எழுவான்கரை, வாவிக்கு அப்பால் படுவான்கரை. பெயரிலேயே சூரியனை வைத்துக்கொண்டிருக்கிற இடத்துக்கு, சூரியனுக்குப் பயந்து பயந்து பிள்ளையைக் கொண்டுபோகிறேன் என்று நினைக்க எனக்கே சிரிப்பு வந்தது. வயலில் ஒரு மருதமரமும் அதன் கீழே ஓலையால் வேய்ந்த ஒரு வாடிக் குடிலும் இருந்தன. பத்து மணிக்குப் பிறகு மூன்று மணி வரை பிள்ளை அந்த நிழலை விட்டு இறங்குவதில்லை, அரை மணிக்கொருதரம் தண்ணீர் என்று எனக்குள் சட்டம் போட்டுக்கொண்டேன். வெட்டு மெசின் வயலைச் சுற்றிச் சுற்றி வந்தது. வதனி கல்லடுப்பில் சோறும், மச்சான் வாவியில் பிடித்த செத்தல் என்கிற மீனில் குழம்பும் வைத்தாள். பிள்ளை பாயில் இருந்து நெல்மணி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்ட களை. நான் மரத்தில் சாய்ந்தேன். கண் விழித்தபோது பாய் வெறுமையாக இருந்தது. வதனி சட்டி கழுவிக்கொண்டு, "ஒங்களோட படுத்திரிக்காள் எண்டுதானே நினைச்சன்" என்றாள். மெசின் சாப்பாட்டுக்காக நின்றிருந்தது, அது ஒரு புண்ணியம். ஓடினேன். அறுத்த வயலின் நடுவில், உச்சி வெயிலில், தன் நிழலையே மிதித்துக்கொண்டு ஒரு சின்னச் சாரக் கட்டம் நடந்துபோகிறது. முன்னால் கொக்குகள். இவள் நெருங்க அவை நாலடி தள்ளி இருக்கின்றன, மறுபடி இவள் போகிறாள். தொப்பி தலையிலேயே இருந்தது. தூக்கிக்கொண்டு நிழலுக்கு வந்து, சட்டைக் கழுத்துக்குள்ளால் கையை விட்டுத் தோளைத் தொட்டேன். இப்படித்தானே அன்று தொட்டேன். வியர்த்திருந்தது. தோள் குளிர்ந்திருந்தது. மற்றத் தோளையும் தொட்டேன். பிறகும் கையை எடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் வெயிலில் நின்றாள் என்று யாருக்கும் தெரியவில்லை. மச்சான் பத்து நிமிடம் என்றார், வதனி அரை மணி என்றாள். சண்டை பிடிக்க ஆளில்லாமல் இருவரும் தங்களுக்குள் பிடித்துக்கொண்டார்கள்.

பின்னேரம் வீடு வந்ததும் ஜெனிட்டா தொலைபேசி எடுத்தாள், அங்கே அவளுக்கு மதிய இடைவேளை. சொல்லாமல் விட்டிருக்கலாம். வதனியும் கண்ணால் அப்படித்தான் சொன்னாள். ஆனால் தெரியாமல் நடந்தது ஒருமுறை போதும், மறைத்து நடப்பதும் அதோடு சேரவேண்டாம் என்று, நித்திரையானதில் இருந்து கொக்கு வரை எல்லாம் சொன்னேன். "கழட்டிக் காட்டுங்க" என்றாள். சாரச் சட்டையைக் கழற்றி, தோள், முதுகு, கழுத்தின் பின்பக்கம் எல்லாம் காட்டினேன். "நல்லாத் தொட்டுப் பாத்தீங்களா?" என்றாள். தொட்டேன் என்றேன். "ராவைக்கும் பாருங்க. நாளைக்கும் பாருங்க." பார்த்தேன். மூன்று நாளும் பார்த்தேன். ஒன்றும் உரியவில்லை. அதன்பிறகு ஒரு நாள் அவளாகவே, "அந்தச் சட்டைய மறக்காமப் பெட்டிக்க வைங்க, கைப்பையில இல்ல" என்றாள். இனியும் பிள்ளையை என்னோடு தனியாக விடுவாள் என்று அதில் எனக்கு விளங்கிவிட்டது.

நோர்வே விமான நிலையத்தில் ஜெனிட்டா பிள்ளையை வாங்கியதும் கழுத்தை இழுத்துத் தோளைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து ஜாக்கெட்டை மேலே தள்ளினாள். மணிக்கட்டில், சட்டைக் கை முடிந்த இடத்தில், கோடு கீறினாற்போல் இரண்டு நிறம். மேலே அவள் இங்கிருந்து கொண்டுபோன நிறம். கீழே சின்னக் கை மட்டும் நன்றாகக் கறுத்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்து, "இது வதனி மாமி வீட்டு வெயில், என்ன?" என்று பிள்ளையிடம் கேட்டாள்.

பார்னஹாகேயில் போய், போன வருடம் போடாமல் விட்ட அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். செப்டெம்பர் போனது. ஒக்டோபரில் மழையும் இருட்டும் வந்து, கம்பளிக் கையுறை போடத் தொடங்கினோம். காலையில் கையுறை மாட்டுவது ஜெனிட்டாவின் வேலை. ஒவ்வொரு நாளும் மாட்டுமுன் மணிக்கட்டைத் திருப்பி, அந்தக் கோடு மங்கிவிட்டதா என்று ஒருதரம் பார்ப்பாள், நான் கண்டும் காணாத மாதிரி சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பேன். போன திங்கட்கிழமை அவள் பிள்ளையை யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போய், கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "இஞ்ச வந்து பாருங்க, கோடு இன்னும் இரிக்கிதானே?" என்றாள். வெளியே மழை, யன்னலால் வந்த வெளிச்சம் போதவில்லை. ஓம், இரிக்கி என்றேன். பிறகு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்று, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தோம்.